இடது பக்கத்து விளக்கு

"தெனம் பொழுது சாய எங்க வூட்டப் பாத்துக் கண்ணடிக்கிறியாமே?" என்று கேட்டார் சாமிதுரை. கேட்கும்போதே மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

நல்லதம்பி தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டராக அவர் இந்தப் பக்கம் வந்து நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷத்தில் அவர் நிமிர்ந்து பார்த்ததெல்லாம் பசுவையும் எருமையையும்தான். இருபத்தெட்டு வயசாகியும் தனக்குப் பெண் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கேட்கக்கூட வெட்கப்படுகிற ஆள்.

விக்கிரமங்கலம் ரோட்டு வளைவில், சாமிதுரையின் வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பங்காளிகள். ஒருவர் கையில் தார்க்குச்சி இருந்தது. பக்கத்தில் மாடு எதுவும் இல்லை.

அந்த வாசல் நல்லதம்பிக்குத் தெரிந்ததுதான். கொஞ்ச நாளாகத் தினமும் அவர் வண்டி வளைவைத் தாண்டும்போது அங்கே ஓர் அரிக்கேன் விளக்கு சட்டென்று தணிந்து மறுபடி ஏறும். ரேஷன் மண்ணெண்ணெய் அப்படித்தான் எரியும் என்று நினைத்துக்கொள்வார். ஆனாலும் ஆளில்லாத ரோட்டில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

"நம்ம சனமாச்சேன்னுதான் கைய வைக்காமக் கேக்குறேன்" என்றார் சாமிதுரை. எதிர்வீட்டுப் பச்சையம்மாள் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அவள் சொல்லி ஊரே பேசுகிறதாம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு. அந்தப் பெண் ராசாத்தியோ, வருகிற மாப்பிள்ளைகளை மூக்கு சரியில்லை, நடை சரியில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இந்த லட்சணத்தில் ஊர் வாயிலும் விழுந்தால் யார் வந்து கட்டுவார்கள்? விடிந்தால் பஞ்சாயத்து என்று முடித்தார்.

பஞ்சாயத்து என்றால் அவ்வளவுதான். சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு தொழுவத்துக்குள்ளும் அப்புறம் அவரை விடமாட்டார்கள். மாட்டுக்கு ஊசி போட முடியாத கம்பவுண்டரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கூட்டிப் பெருக்க ஏற்கெனவே ஆள் இருந்தது.

"எந்தக் கண்ணுங்கய்யா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"எடது கண்ணு" என்றார் தார்க்குச்சிக்காரர். பச்சையம்மாள் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தாள்.

நல்லதம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி, பதினெட்டு வருஷத்தில் மூன்று கை மாறி அவரிடம் வந்தது. அதன் விளக்கு முன்சக்கரத்தைக் காட்டுவதோடு சரி. அதை நம்பிப் போய் ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் முட்டிய பிறகு, அரியலூர் மெக்கானிக் கருப்பண்ணனிடம் சொல்லி, ஹேண்டில்பாருக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் விளக்கு மாட்டிக்கொண்டார். இடது பக்கத்து ஒயரைச் சும்மா முறுக்கித்தான் விட்டிருக்கிறேன், ஈயம் வைக்க அடுத்த வாரம் வாங்க என்று கருப்பண்ணன் சொல்லியிருந்தார். அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாக வரவில்லை.

சாவியைக் கெஞ்சி வாங்கி, வண்டியை நூறடி பின்னால் தள்ளிக்கொண்டு போனார். ஸ்டார்ட் செய்து எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு வந்தார். வளைவில் இருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் இடது விளக்கு மட்டும் அணைந்து எரிந்தது.

"இதத்தான நானும் சொன்னேன், வண்டி கண்ணடிக்குதுன்னு" என்றாள் எதிர்வீட்டு வாசலிலிருந்து பச்சையம்மாள்.

பங்காளிகள் சிரித்துவிட்டார்கள். தார்க்குச்சி முதுகுக்குப் பின்னால் போனது. நல்லதம்பி டூல்ஸ் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து ஒயரை இறுக்கிச் சுற்றி, இன்னொரு தரம் பள்ளத்தில் இறக்கிக் காட்டினார். இந்த முறை விளக்கு இமைக்கவில்லை.

சாமிதுரைக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் தம்பி என்று இரண்டு தரம் சொன்னார். மோர் குடிக்காமல் போகக்கூடாது என்று மகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டத் தொழுவத்துக்குப் போனார். பங்காளிகளும் ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள்.

ராசாத்தி ஒரு கையில் மோர்ச் செம்பும் மறு கையில் அரிக்கேன் விளக்குமாக வந்தாள். செம்பை நீட்டவில்லை. ஒயரில் சுற்றியிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லூசு கனெக்சனா?" என்றாள் மெதுவாக. "அத நம்பி நான் ரெண்டு மாப்ளய வேணான்னுட்டேனே."

நல்லதம்பி நிமிர்ந்து பார்த்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பசுவுமில்லை, எருமையுமில்லை. அரிக்கேன் விளக்கு ஆடாமல் அசையாமல் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரு குறையும் இல்லை. தனக்கு வந்திருப்பது பயமா சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

தொழுவத்திலிருந்து சாமிதுரை கேட்டார்: "என்ன கம்பவுண்டரே, எல்லாம் சரியாயிடுச்சில்ல?"

"இன்னும் இல்லீங்க மாமா. நாளைக்கு எங்கம்மாவோட வந்து பாக்குறேன்."