விசில் இல்லாத சோறு

2061 மார்ச் 4. இன்றைய பிழை என்னுடையது. மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் குக்கரில் சோறு வைத்துவிட்டேன். முதல் விசிலுக்கே, போரிலிருந்து திரும்பிய அண்ணன் மேசைக்கடியில் பாய்ந்துவிட்டான்.

சுவரில் ராணுவம் மாட்டியிருந்த கருவி பேசியது: "இது பத்தாவது அதிர்ச்சி. இவருடைய போர் நினைவுகளை அழிக்கக் குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும்."

"ஒத்துக்காத மல்லி," என்றான் அண்ணன், மேசைக்கடியிலிருந்தே. "அழிச்சா தேவசகாயமும் போயிடுவான். போர்ல அவன் சாகும்போது பக்கத்துல இருந்தது நான் மட்டுந்தான்."

நான் செய்வது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. ஆனாலும், "சம்மதம் இல்லை," என்றேன்.

"தினமும் கேட்கப்படும்."

"கேளு. தினமும் இதேதான் சொல்லுவோம்."

அண்ணன் சிரித்துவிட்டான். "சோறு குழைஞ்சிருக்கும், போய்ப் பாரு."

நாளைய வேலை: குக்கரைப் பரணில் போட்டுவிட்டு, பானையில் சோறு வடிக்க வேண்டும்.