குரல் உடைந்த இடம்

பாடகி ரெபெக்காளின் மேஜை டிராயருக்குள் ஒரு பழைய கேசட் கிடந்தது. அவள் பேர் எடுக்கும் முன்னால், சின்ன வயதில் வீட்டிலேயே பாடிப் பதிந்த பாட்டு அது. வெளியே யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவள், "வெளிவராத என் ஆரம்பப் பாட்டையெல்லாம் சேர்த்து ஒரு ஆல்பம் போடப் போறேன்" என்று போனில் சொன்னதும், கேசட் பயந்துபோய், பக்கத்தில் கிடந்த பென்சிலைக் கூப்பிட்டது.

"பென்சில் அண்ணே, என்னை எங்கேயாவது ஒளிச்சு வையேன்."

"ஏம்மா? யாரும் கூப்பிடலையேன்னு இத்தனை நாளா நீதானே அழுதே?"

"உச்சிக்கு ஏறுற இடத்துல குரல் உடைஞ்சிரும் அண்ணே. ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும்."

"வயித்துல சுமந்த பாட்டை நீயே குறை சொல்லலாமா? வா, முதல்ல தொங்குற நாடாவைச் சுத்திக்குவோம்."

ரெபெக்காள் டிராயரைத் திறந்தாள். பென்சிலைக் கேசட்டின் பல்லுக்குள் நுழைத்து, நாடா அறுந்துவிடாமல் மெதுவாகச் சுற்றினாள்.

ஸ்டுடியோவில் பாட்டு ஓடியது. அந்த இடம் நெருங்க நெருங்க, கேசட் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே சுழன்றது. குரல் உடைந்தேவிட்டது.

"இந்த இடத்தை வெட்டிடலாம் மேடம்" என்றார் ஒலிப்பதிவாளர்.

ரெபெக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாம் தம்பி. மைக்கைப் போட்டுட்டு, திரும்ப ஓட விடுங்க."

சின்னப் பெண்ணின் குரல் உடைந்த இடத்தில், ரெபெக்காள் தன் குரலைக் கைபோல நீட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து உச்சிக்கு ஏறினார்கள்.

பாட்டு முடிந்த பிறகும் கேசட்டுக்கு நிற்க மனசில்லை.