மேனேஜர் திருந்திய அஞ்சு நாள்

மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

சனிக்கிழமை. ‘ஐம்பதில் புதுசாய் ஆரம்பிப்போம்’ என்ற பன்னிரண்டு வாரப் பயிற்சியின் கடைசி வகுப்பு. தம்பதியாகத்தான் வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எல்லார் மனைவியும் வந்தாயிற்று. மேனேஜர் மனைவி நர்ஸம்மாவை மட்டும் காணோம்.

“பாவம் மனுஷன்” என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். “இவர் இவ்வளவு மாறியும் அந்தம்மா இறங்கி வரலையே.”

பாவம்தான். மருந்துக் கிடங்கில் மேனேஜர். பத்தாயிரம் பெட்டியில் ஒன்று குறைந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் மனைவி தன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்பது மட்டும் ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. தெரிந்த மறுநாளே பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

வகுப்புக்கே அவர் வீட்டு விஷயம் அத்துப்படி. மனைவிக்கு வேறு ஊரில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. போனால் போனதுதான். போகாதே என்று கெஞ்சமாட்டேன், நான் மாறினால் அவளே நின்றுவிடுவாள் என்று மேனேஜர் வாராவாரம் சொல்லி, வாராவாரம் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

அரைமணி கழித்து நர்ஸம்மா வந்தாள். கலைந்த தலை, கையில் ஒரு பை. யாரையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள். பின்வரிசை அம்மாள் உச்சுக்கொட்டினாள்.

பயிற்சியாளர் அழைத்ததும் மேனேஜர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று பக்கக் காகிதத்தைப் பிரித்தார்.

தான் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரனாக இருந்தோம் என்று ஒரு பக்கம். எப்படி உருகிப்போனோம் என்று இன்னொரு பக்கம். மனைவி மூன்றாம் பக்கத்தில்தான் வந்தாள். அதற்குள் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

“இந்த அஞ்சு நாள் மாதிரி நிம்மதியா நாங்க இருந்ததே இல்லை” என்று படித்தார். “அவளுக்கு நைட் டியூட்டி. நான் எழுந்திருக்கும்போது தூங்கிட்டிருப்பா, நான் வர்றதுக்குள்ள கிளம்பிடுவா. முன்னெல்லாம் நான் பாட்டுக்குப் போயிடுவேன். இப்போ தினமும் காலைல அவ அறைக் கதவுகிட்ட நின்னு, மெதுவா, மனசுவிட்டுப் பேசறேன். அவ எதிர்த்துப் பேசல, குத்திக்காட்டல. ப்ரிட்ஜைத் திறந்தா கிழமை எழுதி ஒட்டின சாப்பாட்டு டப்பா. அவ மௌனம் எனக்கு இப்போதான் புரிய ஆரம்பிச்சிருக்கு.”

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பயிற்சியாளருக்கே கண் கலங்கிவிட்டது.

“இதுக்கு மேல ஒரு புருஷன் என்னம்மா செய்யணும்? இன்னமும் அந்த ஊருக்குப் போகத்தான் போறீங்களா?”

நர்ஸம்மா எழுந்தாள். புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“கூப்பிடுவார்னு அஞ்சு நாளா போனைக் கையிலயே வெச்சிருந்தேங்க” என்றாள் பயிற்சியாளரிடம். “எங்கே இருக்கேன்னு ஒரு தடவை கேட்டிருந்தா, எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்திருப்பேன். திங்கக்கிழமையே அந்த ஊர்ல வேலைக்குச் சேர்ந்துட்டேன். இப்போ பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்கதான் வர்றேன்.”

மேனேஜர் காகிதத்தை மடித்தார்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே...” என்றார்.

“ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துல வந்து நின்னு சொன்னேனே. ‘குறுக்கே பேசாதே, உன்னைப் பத்தித்தான் எழுதிட்டிருக்கேன்’னீங்க.”