கடிகாரத்தை அமுக்காதவர்

யார்க்‌ஷயரும் லங்காஷயரும் சரிசமம். பரம எதிரிகளான இந்த இங்கிலாந்து மாவட்டங்களில், யாரும் பிறந்த மாவட்டத்துக்கு மட்டுமே ஆட முடியும். கடைசி சதுரங்க ஆட்டத்தில் வெல்லும் அணிக்கே கோப்பை. லங்காஷயர் எதிராளி நெற்றியில் கைவைத்து யோசனையில் ஆழ்ந்தவர்போல் இருந்தார். காயை நகர்த்திய யார்க்‌ஷயர் ஆட்டக்காரர் வில்ஃப்ரெட் கடிகாரத்தை அமுக்கவில்லை. அமுக்கினால்தான் எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும் என்பதால், வில்ஃப்ரெட்டின் நேரமே கரைந்தது. பேசக்கூடாது என்பதால் யார்க்‌ஷயர் கேப்டன் கிளிஃபோர்டு இருமிக் காட்டினார். வில்ஃப்ரெட் அவருக்கு இருமல் மிட்டாய் நீட்டினார்!

நேரம் முடிந்தது. கோப்பை போயிற்று.

"யோவ், கடிகாரத்த மறந்துட்டியே!"

"மறக்கல கேப்டன். அமுக்கினா டக்குனு சத்தம் வரும். அவரு தூங்கிட்டிருந்தாரு."

"எதிராளிக்குத் தாலாட்டா?"

"அவரு என் சம்பந்தி. என் பொண்ணுக்குப் பிரசவம்னு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில முழிச்சிருந்தாரு. நான் மேட்ச் இருக்குன்னு வீட்ல குறட்டை விட்டேன்."

கிளிஃபோர்டு இளகினார். "என்ன குழந்தை?"

"பையன்."

"அப்படிப் போடு! வளர்ந்து நம்ம அணிக்கு ஆடட்டும்."

வில்ஃப்ரெட் தயங்கினார். "ஆஸ்பத்திரி லங்காஷயர்ல, கேப்டன்."

கிளிஃபோர்டுக்கு இப்போது நிஜமாகவே இருமல் வந்தது.