ராயகிரி மணிக்கட்டு

பஸ்ஸை விட்டு இறங்கிய கல்யாணத் தரகர் மூக்காண்டி, வலது கையைத் துண்டுக்குள் மறைத்தபடி நேரே சித்தீக்கின் வாட்ச் கடைக்குள் நுழைந்தார்.

துண்டுக்குள் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர்ந்திருந்தன.

அந்த வளையத்துக்குள் இருந்தது மாப்பிள்ளையின் மணிக்கட்டு. அதாவது, அதன் அளவு.

காலையிலிருந்து கடையில் காத்திருந்த பூ வியாபாரி தங்கப்பழம் எழுந்தே விட்டார்.

அவர் மகள் பிரியதர்ஷினிக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிரவின்ராஜுக்கு ஊர் ராயகிரி. பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். “நாங்க எதுவுமே கேக்கல” என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தாள். எதுவுமே கேட்காதவள், கையில் கட்டிக்கொண்டே போன் பேசுகிற வாட்ச் என்றால் பையனுக்கு உயிர் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

அளவுதான் வினை.

போன வருஷம் இதே பிரியதர்ஷினிக்கு இளையரசனேந்தலில் பேசி முடித்த இடம், சபையில் வாட்ச் கட்டும்போதுதான் கலைந்தது. அந்த மாப்பிள்ளைக்கு உலக்கைக் கை. பெண்ணின் அண்ணன் மூச்சைப் பிடித்து வாரை இழுத்த இழுப்பில் கொக்கி தெறித்து, மாப்பிள்ளையின் அத்தை கையிலிருந்த பாயச டம்ளரில் விழுந்தது. அத்தை அதை முந்திரிப்பருப்பு என்று எண்ணிக் கடித்தாள். பல் போனது. சம்பந்தமும் போனது.

“மணிக்கட்டு அளவுகூடத் தெரியாத வீட்டுல என்ன சம்பந்தம்?” என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

பெண்ணின் வளையல் அளவு அவர்களுக்கும் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தங்கப்பழத்துக்கு ஆண்பிள்ளைகளின் முகம் தெரிவதில்லை. டீக்கடையிலும் பூ மார்க்கெட்டிலும் வெறும் மணிக்கட்டுகள்தான் நடமாடின. இந்த இடமும் தவறினால் மகளுக்கு ‘ரெண்டு தடவை நின்னுபோன பிள்ளை’ என்று பெயர் வந்துவிடும். அப்படிப் பெயர் வந்த வீட்டுக்கு மூக்காண்டிகூட வரமாட்டார்.

மாப்பிள்ளையிடமே அளவு கேட்பது மரியாதை இல்லை. கயிறு போட்டு அளந்தால் மாட்டுச் சந்தை என்பார்கள். அதனால்தான் மூக்காண்டியை அனுப்பினார். அவர் பதினைந்து வருஷம் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி மாட்டுத் தரகு பார்த்துவிட்டுக் கல்யாணத் தரகுக்கு வந்தவர். தொழில் மாறியதே தவிர, துண்டு மாறவில்லை.

“தம்பிக்கு ராசியான கை” என்று பிரவின்ராஜின் மணிக்கட்டைப் பிடித்தவர், கையை விட்ட பிறகும் விரல் வளையத்தைச் சங்கரன்கோவில் வரைக்கும் பிரிக்கவில்லையாம். டிக்கெட் காசைக் கண்டக்டரே அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார். சிவகிரியில் மூக்கு நுனியில் ஏறிய ஈ, கடைசி நிறுத்தத்தில்தான் இறங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் இதை ஏதோ யோக முத்திரை என்று நம்பித் தானும் விரலைச் சேர்த்தார். பத்து வருஷத்து வாயு, புளியங்குடி வருவதற்குள் அவரை விட்டு இறங்கிப் போய்விட்டதாம்.

“சட்டுன்னு பாருடே சித்தீக்கு, விரலு மரத்துப் போச்சு.”

சித்தீக் வாரை வளையத்துக்குள் நுழைத்துப் பார்த்தான். கடைசி ஓட்டையில் மாட்டியும் வார் வளையத்தைவிடப் பெரிதாகத்தான் இருந்தது.

“முருங்கைக்காய்க் கை அண்ணாச்சி. நீங்க எடுத்த டயலு, முருங்கைக்காய் மேல இட்லி வச்ச மாதிரி இருக்கும். சின்னதா பாப்பமா?”

“சின்னதா கட்டுனா சபையில கடைசி வரிசைக்கு எப்படிடே தெரியும்?” என்றார் தங்கப்பழம்.

“அப்ப காந்த வார் போடுவோம். அளவே வேண்டாம், யாரு கைக்கும் சேரும்.”

“யாரு கைக்கும் சேருததை என் மருமவனுக்குக் கட்டவா? நல்லா இருக்குடே உன் நியாயம்!”

சித்தீக் துளை போடும் ஊசியை எடுத்தான். கடைசி ஓட்டைக்கு அப்பால், அளவெடுக்காமல், குறி வைக்காமல், டக் டக்கென்று இரண்டு ஓட்டை போட்டான். மாட்டிப் பார்த்தால், விரல் வளையத்துக்குள் வார் அச்சாக உட்கார்ந்துகொண்டது.

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“கண்ணாலயே அளந்துட்டியேடே!”

“கண்ணால எங்க அண்ணாச்சி? திங்கக்கிழமை குருவிகுளத்துக்காரங்க எடுத்தப்போ மூக்காண்டி அண்ணாச்சி கொண்டாந்தாங்கள்லா, அதே ராயகிரிக் கைதான இது?”

கடை அமைதியானது. எல்லாம் ஸ்மார்ட் வாட்ச். டிக் டிக் என்ற சத்தம்கூடக் கிடையாது.

மூக்காண்டி விரல்களைப் பிரித்து நெட்டி முறித்தார்.

“நல்ல மாப்பிள்ளைன்னா நாலு வீட்டுல பாக்கத்தான் செய்வாவ, அண்ணாச்சி. அவங்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் நாள் குறிச்சிருக்கு. எந்த வீட்டுக்கு வாறதுன்னு அந்தம்மா நாளைக்குத்தான் சொல்லுவா.”

தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி ரோடு வரைக்கும் போனார். அங்கே நின்று, போகிற வருகிற கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

திரும்பி வந்தார்.

“குருவிகுளத்துக்காரங்க எந்த மாடலு எடுத்தாங்க?”

சித்தீக் கண்ணாடிக்குள் கைகாட்டினான்.

“அதைவிட ஒசந்ததா எடுடே. ஓட்டை மட்டும் அதே எடத்துல இருக்கட்டும்.”