வாழ்க என்று சொல்லும் வாய்

துறைமுகத் திட்டத்தைத் தொடங்க வந்த அமைச்சரை எதிர்த்து முழக்கமிட்ட மீனவப் பெண் செசிலி, மறுநாள் நாளிதழ் அலுவலகத்துக்கு வந்தாள். முதல் பக்கப் படத்தில் அவள் உதடுகளைக் குவித்துக் கத்திக்கொண்டிருந்தாள். கீழே, 'அமைச்சருக்கு வாழ்க முழக்கத்துடன் வரவேற்பு' என்றிருந்தது. முதலாளி சொல்லி அதை எழுதியவர் துணை ஆசிரியர் ஞானதுரை.

செசிலியின் முகத்தில் கோபமில்லை.

"வாழ்கன்னு சொன்னா உதடு இப்படியா குவியும்? நீங்க சொல்லிக் காட்டுங்க, சார்."

"வாழ்க," என்றார் அவர் மெதுவாக.

அவள் அவர் வாயையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"குவியலியே. இப்ப நான் கத்துனதைச் சொல்லுங்க. 'திரும்பிப் போ'."

சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். ஞானதுரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"திரும்பிப்..." என்று தொடங்கினார்.

செசிலி இமைக்காமல் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.