கதவுப்பிடியில் கை

குணசுந்தரி போகும் ஆங்கில வகுப்பில் போட்டுக் காட்டும் இங்கிலீஷ் படத்தை மாஸ்டர் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிறுத்துவார். "இனி உன்னோடு வாழ மாட்டேன், போகிறேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, திரையில் ஒருத்தி கதவுப்பிடியில் கைவைத்தபடி நிற்பாள். அந்த வசனத்தை முப்பது பேரும் பிசகாமல் சொல்லும்வரை படம் பின்னுக்கே ஓடும். மூன்று வாரமாகத் திரையில் அவள் கதவைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் முன்னால், "என் பொண்டாட்டி இங்கிலீஷ் பேசுறதக் கேளுங்க" என்றான் தணிகாசலம். குணசுந்தரி அவன் கண்ணைப் பார்த்து அதே வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. வாசல்பக்கம் நடந்துபோய்த் தாழ்ப்பாளில் கைவைத்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"அச்சு அசல் சினிமாவேதான்!" அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்தப்பாவுக்குச் சரியாக் கேக்கல. முதல்ல இருந்து இன்னொரு தடவ சொல்லு."

குணசுந்தரி கையை எடுத்து, திரும்பி வந்து, பழைய இடத்தில் நின்றாள்.